உப்பு குறைந்த கடல், இடம் மாறிய மழை: பனிப்பாளங்கள் உருகியபோது நடந்தது என்ன?

ஐப்பசியில் துலாமழை நன்றாக அடித்து ஓய்ந்த மறுநாள் குமரி மாவட்டத்து மணக்குடிப் பாலத்தில் போய் நின்று பாருங்கள். பழையாறு கொண்டுவந்த கலங்கல் தண்ணீர் பொழிமுகத்தைத் தாண்டிக் கடலுக்குள் போயிருக்கும். ஆனால் உடனே கடலோடு கலந்துவிடாது. இந்தப் பக்கம் டீ நிறம், அந்தப் பக்கம் பச்சை, நடுவில் கோடு கிழித்தாற்போல நுரை. ஒருமுறை அப்படி நின்றபோது பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார்: "மேல கெடக்க தண்ணியப் பாத்து ஏமாந்திராத மக்கா. ஓராள் ஆழத்துக்குக் கீழ உப்புத் தண்ணிதான். மீனு அங்கதான் நிக்கும்."

நல்ல தண்ணீர் மேலே மிதக்கும், உப்புத் தண்ணீர் கீழே கிடக்கும். பனியுகத்தில் உலகத்தின் மழையையும் குளிரையும் ஆட்டிவைத்தது பெரும்பாலும் இந்தச் சின்ன விஷயம்தான்.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. "துருவத்தில் பனி உருகுகிறது" என்று செய்தி வந்தால் எங்கள் வீட்டுப் பேச்சு இரண்டு திசையில் போகும். ஒன்று, கடல் ஏறும், சின்னமுட்டம் முங்கும். இன்னொன்று மச்சானுடையது: "காலநிலை முன்னாடியும்தானே மாறியிருக்கு? அப்ப எந்த பஸ்ஸு புகை விட்டுச்சு?" முதல் பேச்சு சரி, ஆனால் பாதிக் கதை. மச்சானின் கேள்வி நியாயமானதுதான், கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் பந்திக்குப் போய்விடுகிறார் என்பதுதான் குறை.

எந்தப் பனியைச் சொல்கிறோம்?

ஒரு டம்ளர் நன்னாரி சர்பத்தில் ஐஸ் கட்டியைப் போட்டு விளிம்பு வரை ஊற்றி வையுங்கள். ஐஸ் முழுவதும் கரைந்தாலும் சர்பத் வழியாது. மிதக்கிற ஐஸ் ஏற்கெனவே தன் பங்கு இடத்தைப் பிடித்துவிட்டது. வடதுருவத்துக் கடல்மேல் மிதக்கும் பனியும் அப்படித்தான், அது உருகினால் கடல்மட்டம் பெரிதாக ஏறாது.

நாம் பேசப்போவது டம்ளருக்கு வெளியே இருக்கிற ஐஸைப் பற்றி. நிலத்தின்மேல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விழுந்த பனி, தன் எடையாலேயே அழுந்திக் கட்டியாகி, நாடு நாடாகப் போர்த்திக் கிடந்தால் அதன் பெயர் பனிப்பாளம். இன்றைக்கு உலகில் இரண்டுதான் மிச்சம்: கிரீன்லாந்து, அண்டார்டிகா. சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கனடாவின் பெரும்பகுதியும் அமெரிக்காவின் வடபகுதியும் லாரன்டைட் என்ற பனிப்பாளத்தின் அடியில் இருந்தன. வட ஐரோப்பாவில் இன்னொன்று. லாரன்டைட்டின் கனம் சில இடங்களில் 3 கிலோமீட்டர். நம் அகத்தியமலையின் உயரம் 1,868 மீட்டர். அதை அப்படியே மூடிவிட்டு, மேலே இன்னும் ஒரு கிலோமீட்டருக்கு வெறும் பனி என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆலங்கட்டி விழுந்தாலே ஓடிப்போய்ப் பொறுக்குகிற ஊர்க்காரர்களுக்கு இதைக் கற்பனை செய்வது கஷ்டம்தான்.

அவ்வளவு தண்ணீரும் கடலிலிருந்து போனதுதான். அதனால் கடல்மட்டம் இன்றைவிட சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. கன்னியாகுமரிப் பாறைமேல் நிற்கும் வள்ளுவர் சிலை 133 அடி. அதைப்போல மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் வரும் உயரம் அது.

இந்த இடத்தில் யாராவது குமரிக்கண்டத்தை இழுப்பார்கள். கடல் கொண்டது உண்மை. ஆனால் அது கொண்டது கண்டத்திட்டின் ஓரத்தை, அதாவது நிலம் கடலுக்குள் மெல்லச் சரிந்து நீளும் ஆழம் குறைந்த பகுதியை. நம் படகுக்காரர்கள் மீனுக்குப் போகும் வெட்ஜ் பேங்க் மேட்டில் கணிசமான பகுதியும், இலங்கைக்கு நடந்தே போகலாம் என்ற அளவுக்குப் பாக் நீரிணையும் அன்று தரையாக இருந்தன. அதற்குத் தெற்கே கடல் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. 120 மீட்டர் வற்றினால் அங்கே கண்டம் எதுவும் தலைகாட்டாது.

கோடைதான் கணக்கைத் தீர்க்கும்

பனியுகம் ஏன் வந்து வந்து போகிறது? குளிர்காலம் கடுமையானால் பனியுகம் வரும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கோடையைப் பார்க்க வேண்டும். மாச வருமானம் எல்லார் வீட்டுக்கும் வருகிறது, செலவைப் பொறுத்துத்தான் மிச்சம் நிற்கும் இல்லையா? கனடாவில் குளிர்காலப் பனி வரவு, கோடை உருக்கம் செலவு. கோடை கொஞ்சம் மந்தமாகிப் பத்து விரல் பனி கரையாமல் தங்கினால் போதும், அடுத்த வருஷம் அதன்மேல் இன்னும் கொஞ்சம், அப்புறம் இன்னும் கொஞ்சம். பல ஆயிரம் ஆண்டில் மலையாகிவிடும்.

வடகோளத்துக் கோடை எவ்வளவு சூடு என்பதைப் பூமியின் நடை தீர்மானிக்கிறது. சூரியனைச் சுற்றும் பாதையின் வடிவம் சுமார் ஒரு லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை மாறி வருகிறது. அச்சின் சாய்வு 41,000 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகிறது. பம்பரம் தலையாட்டுவதுபோல அச்சு ஆடுவதால் வரும் விளைவுக்குச் சுமார் 23,000 ஆண்டு. இதைக் கையால் உட்கார்ந்து கணக்குப் போட்டவர் செர்பியாவின் மிலுடின் மிலன்கோவிச். அதனால் இவற்றுக்கு மிலன்கோவிச் சுழற்சிகள் என்று பெயர். காலநிலையின் இயற்கைச் சுழற்சி என்று பொதுவாகச் சொல்வது முதலில் இவற்றைத்தான்.

சரி, இது மெதுவாக நகரும் கடிகாரம். இது மட்டும்தான் காரணம் என்றால் காலநிலையும் மெதுவாகத்தான் மாறியிருக்க வேண்டும். கிரீன்லாந்துப் பனியில் 3 கிலோமீட்டர் ஆழம் வரை துளைத்து எடுத்த பனித்தண்டுகள் வேறு மாதிரிச் சொல்கின்றன. கடந்த பனியுகத்தில் மட்டும் சுமார் 25 தடவை கிரீன்லாந்து திடீரென்று 8 முதல் 16 டிகிரி வரை சூடாகியிருக்கிறது. அதுவும் சில பத்தாண்டுகளுக்குள். பிறந்த குழந்தை கிழவியாவதற்குள் ஊரின் தட்பவெப்பமே வேறாகிவிட்ட கதை. பின்பு மெல்லக் குளிர்ந்து பழைய நிலைக்குப் போகும், மறுபடி துள்ளும். இந்தத் துள்ளல்களுக்கு டென்மார்க்கின் டான்ஸ்கார்ட், சுவிட்சர்லாந்தின் ஓஷ்கர் இருவர் பெயரையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

இதுவரை வந்த வழி: பூமியின் நடையால் பனிப்பாளம் வளர்வதும் தேய்வதும் மெதுவான வேலை. ஆனால் பதிவுகளில் திடீர்த் தாவல்கள் இருக்கின்றன. இடையில் வேறு யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

முட்டை மிதக்கும் பதம்

அம்மா உப்புமாங்காய் போடும்போது தண்ணீரில் உப்பைக் கரைத்து, ஒரு முட்டையை மெல்ல இறக்குவாள். மூழ்கினால் இன்னும் ஒரு கை உப்பு. அப்புறம் இன்னும் ஒரு கை. ஒரு கட்டத்தில் முட்டை ஆடிக்கொண்டே மேலே வந்து ஐந்து ரூபாய் வட்டத்துக்குத் தலையைக் காட்டும். "பதம் வந்தாச்சு" என்பாள். உப்பு கூடக் கூடத் தண்ணீர் கனக்கிறது, அவ்வளவுதான். புத்தளத்து உப்பளத்தில் டிகிரி பார்ப்பதும் இதே வித்தையின் கருவி வடிவம்.

கடல்நீரைக் கனமாக்க இரண்டு வழி: உப்பு கூட வேண்டும், அல்லது குளிர வேண்டும். இரண்டும் ஒன்றாகச் சேர்கிற இடம் வட அட்லாண்டிக். வெப்பமண்டலத்தில் வெயிலில் காய்ந்து உப்பேறிய தண்ணீர் வடக்கே போகிறது. போகிற வழியில் தன் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கிறது. கிரீன்லாந்து, நார்வே பக்கம் சேரும்போது உப்பும் இருக்கிறது, குளிரும் பிடித்துவிட்டது. கனத்துப்போய்க் கீழே இறங்குகிறது. இறங்கிய தண்ணீர் 2, 3 கிலோமீட்டர் ஆழத்தில் தெற்கு நோக்கித் திரும்புகிறது. இப்படி மேலே வடக்கும் கீழே தெற்குமாக ஓடும் இந்தச் சுற்றுக்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் சுருக்கப் பெயர் அமாக். நாமும் அப்படியே சொல்வோம்.

நம் கரையில் நீவாடு என்று சொல்கிற நீரோட்டத்தைக் காற்றும் அலையும் தள்ளுகின்றன. அமாக்கை ஓட்டுவதில் காற்றுக்குப் பங்கு உண்டு என்றாலும், வடக்கே தண்ணீர் கனத்து இறங்கினால்தான் சுற்று முழுமையாகும். அதன் அளவு விநாடிக்குச் சுமார் 1.7 கோடி கன மீட்டர். உலகத்து ஆறுகள் அத்தனையும் சேர்ந்து கடலில் கொட்டுவதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல்.

இப்போது அந்த இறங்குகிற இடத்தில் நிறைய நல்ல தண்ணீரைக் கொட்டுங்கள். மணக்குடியில் பார்த்த அதே காட்சிதான். உப்பில்லாத தண்ணீர் மேலே மூடிபோலக் கிடக்கும். எவ்வளவு குளிர்ந்தாலும் கனம் போதாது, இறங்காது. இறங்காவிட்டால் தெற்கிலிருந்து வெந்நீரை இழுக்க ஆள் இல்லை. சுற்று தளர்ந்துவிடும். அட்லாண்டிக்கின் வடபகுதிக்கு வந்துகொண்டிருந்த சூடு நின்றுவிடும்.

நடுக்கடலில் கிடந்த கற்கள்

இது வெறும் ஊகமா? 1988-இல் ஹார்ட்மூட் ஹைன்ரிச் என்ற ஜெர்மானியக் கடல்நிலவியலாளர் வட அட்லாண்டிக்கின் அடிமண்ணில் ஒரு வினோதத்தை எழுதி வெளியிட்டார். நடுக்கடலின் அடியில் சாதாரணமாக மெல்லிய சேறும் நுண்ணுயிர் ஓடுகளும்தான் படியும். ஆனால் சில அடுக்குகளில் கூழாங்கல்லும் சரளையுமாகக் கிடந்தது. நிலத்தின் கல் எப்படி அவ்வளவு தூரம் வந்தது? அலை கொண்டுவராது, காற்றும் கொண்டுவராது.

பனிதான் கொண்டுவந்தது. பனிப்பாளம் நிலத்தின்மேல் ஊர்ந்துவரும்போது அடியில் இருக்கும் கல்லைப் பிய்த்துத் தன்னோடு உறையவைத்துக்கொள்ளும். அதன் ஓரம் உடைந்து கடலில் மிதந்தால் அது பனிப்பாறை. அது மிதந்துபோய் உருகும் இடத்தில் கல் கீழே விழும், தண்ணீர் மேலே பரவும். பல அடுக்குகளில் இருந்த சுண்ணாம்புக் கல் கனடாவின் ஹட்சன் விரிகுடாப் பக்கத்தைச் சேர்ந்தது. ஆக, லாரன்டைட் பனிப்பாளம் அவ்வப்போது பனிப்பாறைகளை அணி அணியாக அட்லாண்டிக்குக்கு அனுப்பியிருக்கிறது. சுமார் 60,000 ஆண்டு முதல் 17,000 ஆண்டு முன்பு வரை இப்படி ஆறு பெரிய நிகழ்வுகளை எண்ணியிருக்கிறார்கள். இவற்றுக்கு ஹைன்ரிச் நிகழ்வுகள் என்று பெயர்.

ஏன் அவ்வப்போது? இதற்கும் மணக்குடியே உதவும். கோடையில் பொழிமுகத்தில் மணல் அடைத்துக்கொள்ளும். உள்ளே தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஒருநாள் பொழி உடையும், தேங்கியதெல்லாம் ஒரே பாய்ச்சலாகப் போகும். பிறகு மறுபடி மணல் சேரும். பனிப்பாளத்துக்கும் அப்படியொரு சொந்தத் தாளம் இருந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம்: தடித்துக்கொண்டே போகும்போது அது கம்பளிபோலப் பூமியின் உள்சூட்டை அடியில் தேக்குகிறது. அடிப்பனி இளகுகிறது. ஒரு கட்டத்தில் மொத்தமும் வழுக்கிக் கடலுக்குள் சரிகிறது. இன்னொரு விளக்கம், அமாக் முதலில் தளர, அடியில் சேர்ந்த வெதுவெதுப்பான கடல்நீர் பனியின் காலை அரித்தது என்கிறது. கடல் ஏற்கெனவே குளிர்ந்திருந்த காலங்களில்தான் இந்த நிகழ்வுகள் நடந்தன என்பதால், இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிட்டிருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

மறுபடி ஒரு வரியில்: பனிப்பாளம் உடைந்தது, நல்ல தண்ணீர் பரவியது, கடலின் மேல்தண்ணீர் உப்புக் குறைந்தது, அமாக் தளர்ந்தது, வடக்கு குளிர்ந்தது.

இடவப்பாதி எங்கே போனது?

அட்லாண்டிக்கில் உப்பு குறைந்தால் நமக்கென்ன?

பூமியின் நடுவயிற்றில், வெயில் அதிகம் விழும் இடத்தில், காற்று மேலெழும்பி மழையாகக் கொட்டும் ஒரு பட்டை உலகைச் சுற்றி ஓடுகிறது. அதை மழைப்பட்டை என்று சொல்லிக்கொள்வோம். அது சூடு கூடிய பக்கம் சாயும். ஆடியில் வடக்கே ஏறும், மார்கழியில் தெற்கே இறங்கும். நமக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் துலாமழை என்கிற வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் கிடைப்பதும், அவற்றை நம்பிக் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ நெல் வைத்ததும் இந்த ஏற்ற இறக்கத்தால்தான்.

வடகோளம் முழுவதும் குளிர்ந்துபோனால் பட்டை தெற்கே நகரும். ஆசியாவின் நிலமும் போதிய சூடேறாது, கடல்காற்றை இழுக்கும் வலு குறையும். தென்மேற்குப் பருவமழை சோர்ந்துவிடும். இதற்குச் சாட்சி மேகாலயாவில் மாவ்ம்லூ குகை. அங்கே கூரையிலிருந்து சொட்டும் நீர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சுண்ணாம்பைப் படியவைத்துத் தரையில் கல்முளைகளை வளர்த்திருக்கிறது. மழை வலுத்த காலத்துப் படிவுக்கும் சோர்ந்த காலத்துப் படிவுக்கும் அதில் உள்ள ஆக்சிஜன் வகைகளின் விகிதம் வேறுபடும். கடைசி ஹைன்ரிச் காலத்தில் அங்கே பருவமழை சோர்ந்திருந்தது தெரிகிறது. உலகிலேயே அதிக மழை பெய்யும் சிரபுஞ்சி வட்டாரத்துக்கே அந்தக் கதி.

அரபிக்கடலின் வடபகுதியில் எடுத்த மண்ணும் அதையே வேறு விதமாகச் சொல்கிறது. பருவக்காற்று பலமாக வீசினால் ஆழத்துச் சத்துநீர் மேலே வந்து பாசி பெருகும். அது அழுகி அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். புழுவும் பூச்சியும் இல்லாததால் மண் வரிவரியாக, கலையாமல் படியும். காற்று சோர்ந்த காலத்து மண்ணைப் புழுக்கள் கிளறிப் போட்டிருக்கும். ஹைன்ரிச் காலத்து அடுக்குகள் கிளறிய அடுக்குகள். கனடாவில் பனி உடைந்ததை அரபிக்கடல் புழு குறித்துவைத்திருக்கிறது!

வடக்கே குளிர்ந்தது, தெற்கே சுட்டது

இனிமேல் வருவதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. வாட்ஸாப்பில் அவ்வப்போது "துருவப்பனி உருகி மீண்டும் பனியுகம் வரப்போகிறது" என்று ஒன்று சுற்றும். நடந்தது அதற்கு நேர்மாறு.

அமாக் ஓடாவிட்டால் தெற்கிலிருந்து வடக்கே போகவேண்டிய சூடு தெற்கிலேயே தங்கும். கிரீன்லாந்து குளிரும்போது அண்டார்டிகா மெல்லச் சூடாகும். பள்ளிக்கூடத்து சீசா பலகை மாதிரி. சுமார் 18,000 ஆண்டுகளுக்கு முன், பனிப்பாளங்கள் உருகத் தொடங்கிய கட்டத்தில் இதுதான் நடந்தது. அண்டார்டிகாவைச் சுற்றிய கடல் வெதுவெதுப்பானது, கடல்பனி பின்வாங்கியது, காற்று ஆழத்து நீரை மேலே கிளப்பியது. அந்த ஆழத்து நீரில் கார்பன் டை ஆக்சைடு நெடுங்காலமாக அடைபட்டுக் கிடந்தது. வெயிலில் வைத்த கோலி சோடாவை உடைத்தால் எப்படிப் பொங்கும்? அப்படித்தான், ஆனால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக. காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 190 பங்காக இருந்தது, பனியுகம் முடிவதற்குள் 260-ஐத் தாண்டியது.

அந்த வாயு வடக்கு தெற்கு பார்க்காது. உலகம் முழுவதையும் போர்த்திச் சூடாக்கியது. ஆக, பூமியின் நடை பனியை உருகத் தொடங்கவைத்தது. உருகிய தண்ணீர் வடக்கே குளிரையும் தெற்கே சூட்டையும் கொண்டுவந்தது. தெற்கின் சூடு கடலில் அடைபட்ட வாயுவை வெளியே விட்டது. அந்த வாயு மிச்சப் பனியையும் உருக்கியது. வடக்கைக் குளிரவைத்த அதே தண்ணீர் பனியுகத்தை முடித்துவைக்கவும் கைகொடுத்திருக்கிறது.

பாதை நேராகவும் இல்லை. 14,700 ஆண்டுகளுக்கு முன் அமாக் மறுபடி விசை பிடித்தது, கிரீன்லாந்து துள்ளிச் சூடானது. அதை ஒட்டிய சில நூறு ஆண்டுகளுக்குள் கடல் 15 மீட்டர் அளவுக்கு ஏறியது. பிறகு 12,900 ஆண்டுகளுக்கு முன் மீண்டும் குளிர். 1,200 ஆண்டு நீடித்த அந்தக் குளிருக்கு இளைய ட்ரையாஸ் என்று பெயர். குளிர்நாட்டுப் பூச்செடி ஒன்றின் பெயர் அது, அதன் எச்சங்கள் ஸ்காண்டிநேவிய மண்ணில் மறுபடி தலைகாட்டியதால் வைத்தது. கனடாவில் பனிப்பாளத்தின் ஓரமாகத் தேங்கியிருந்த அகாசிஸ் என்ற ஏரி உடைந்து ஓடியது காரணம் என்பது வெகுநாளைய கருத்து. கிழக்கே போனதா, வடக்கே ஆர்க்டிக் பக்கம் போனதா என்று ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது. அந்த ஏரியின் மிச்சம் 8,200 ஆண்டுகளுக்கு முன் ஹட்சன் விரிகுடா வழியாகக் காலியானபோதும் வடக்கே ஒன்றரை நூற்றாண்டு குளிர் அடித்தது. அதோடு கொட்டுவதற்குப் பெரிய பனிப்பாளம் கனடாவில் மிஞ்சவில்லை, துள்ளலும் அடங்கியது. நம் விவசாயம், ஊர், கோயில், குளம் எல்லாம் அதன்பிறகு வந்த அமைதியான காலத்தில் வளர்ந்தவை.

மச்சானின் கேள்விக்கு

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் மச்சானை மடக்கி உட்காரவைத்து இதையெல்லாம் சொன்னேன். அப்போது பஸ் ஓடவில்லைதான். பூமியின் நடை தொடங்கிவைத்தது, பனியும் உப்பும் வாயுவும் தூக்கிச் சென்றன. காற்றில் வாயு எழுபது எண்பது பங்கு ஏற ஏழாயிரம் ஆண்டுகள் பிடித்தன. இப்போது 280 பங்கிலிருந்து 420-ஐத் தாண்ட இருநூறு சொச்சம் ஆண்டுதான் ஆனது, இந்தத் தடவை பஸ்ஸும் ஓடுகிறது. கிரீன்லாந்து இந்த நூற்றாண்டில் ஆண்டுக்குச் சராசரி 27,000 கோடி டன் பனியை இழந்துவருகிறது. ஹைன்ரிச் காலத்துக் கொட்டலோடு பார்த்தால் இது சிறிது. ஆனால் கொட்டும் இடம் அதே இடம், அமாக் இறங்கும் வாசல்.

2004 முதல் அட்லாண்டிக்கில் கருவிகளை வரிசையாக இறக்கி அமாக்கை நேரடியாக அளந்துவருகிறார்கள். ஐ.நா.வின் காலநிலைக் குழு 2021-இல் சொன்னது: இந்த நூற்றாண்டில் அது தளர்வது பெரும்பாலும் நிச்சயம். 2100-க்குள் திடீரென்று நின்றுபோகாது என்பதில் நடுத்தர நம்பிக்கை.

மச்சான் இலையில் பாயசத்தை வழித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். "அதெல்லாம் இருக்கட்டு, இடவப்பாதி கூடுமா குறையுமா? அதச் சொல்லு."

இரண்டு பக்கமும் கயிறு இழுக்கிறது என்றேன். உலகம் சூடானால் காற்றில் ஈரம் கூடி இந்தியாவின் பருவமழை கூடும் என்பது கணிப்பு. அமாக் வெகுவாகத் தளர்ந்தால் மாவ்ம்லூ குகைக் கல்லில் இருப்பதுபோல அதே மழையைக் கீழே இழுக்கும். முதல் கயிறுதான் இப்போதைக்குப் பலம் கூடியது.

"அப்ப இந்த வருஷம் நாத்து பாவலாம்," என்று எழுந்து கை கழுவப் போனார்.